பதினோராவது எழுத்து

அந்தச் சாவிக் கொத்தைக் கொஞ்சம் காட்டுங்க சார். பயப்படாதீங்க, வண்டிய எடுத்துட்டு ஓட மாட்டேன், ரெண்டு பேரும் பஸ்லதானே உக்காந்திருக்கோம். ஓ, ஜப்பான் வண்டி. அப்படின்னு யார் சொன்னா? கம்பெனி பேரு ஜப்பான் பேரு, அவ்வளவுதான். உங்க வண்டி ஜப்பானைக் கனவுல கூடப் பாத்திருக்காது.

கோவிச்சுக்காதீங்க. நீங்க மட்டுமில்ல, ஊரே அப்படித்தான். போன்ல ஆர்.சி. இருக்கா? எடுங்க. மாட்டுத்தாவணில ஏறினதுல இருந்து போனைத்தான் தடவிட்டு வர்றீங்க, எனக்காக இன்னும் ஒரு நிமிஷம் தடவுங்க. சேசிஸ் நம்பர்னு போட்டிருக்கும். அதுல முதல் எழுத்து என்ன? எம். போதும், மூடி வைங்க. எம்னா இந்தியா. ஜப்பான்ல செஞ்சிருந்தா ஜேல ஆரம்பிக்கும், ஜெர்மனின்னா டபிள்யூ. எத்தனை வருஷமா ஓட்டுறீங்க இதை? சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கத் தெரிஞ்சவருக்கு முதல் எழுத்தைப் படிக்கத் தோணலையே.

உங்களுக்கு எந்த ஊர்? பாளையங்கோட்டையா. அப்போ நம்மாளுதான். நமக்கும் திருநெல்வேலி. எங்கன்னா... அந்தப் பக்கம்தான், அதை விடுங்க. பேரு குற்றாலிங்கம். பேரைக் கேட்டாலே தெரிஞ்சிருக்கணுமே.

வேலையில இருந்த காலம் பூரா நான் இதைத்தான் சார் செஞ்சேன். பழைய வண்டிக்குக் கடன் கொடுக்குற கம்பெனி, மெட்ராஸ்ல. கடன் கேட்டு வர்றவன் காட்டுற காகிதமும் வண்டியும் ஒண்ணுதானான்னு நான் போய்ப் பாக்கணும். சேசிஸ்ல குத்தியிருக்குற நம்பர் மேல பென்சிலைத் தேய்ப்பேன். அது மேல செல்லோடேப்பை ஒட்டி உரிச்சா நம்பர் அப்படியே டேப்போட வந்துடும். காகிதத்துல ஒட்டிக் கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது. இப்பவும் சட்டைப் பையில பென்சிலும் டேப்பும் இருக்கு, பாருங்க. பழக்கம் விடல.

மொத்தம் பதினேழு எழுத்து. அதுல ஐ வராது, ஓ வராது, க்யூ வராது. ஒண்ணையும் சைபரையும் பாத்து ஜனங்க குழம்பிடுவாங்கன்னு எடுத்துட்டான். எவனோ ஒருத்தன், உலகத்துல எத்தனை முட்டாள் இருக்கான்னு முன்னாடியே யோசிச்சு வச்சிருக்கான், அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் மூணு எழுத்துல நாடும் கம்பெனியும் தெரிஞ்சுடும். பத்தாவது பெரும்பாலும் வருஷம். பதினொண்ணாவது இருக்கே, அதுதான் எந்த ஆலையில செஞ்சாங்கன்னு சொல்லும். கம்பெனிக்குக் கம்பெனி அந்த எழுத்து மாறும், எல்லாம் எனக்கு மனப்பாடம். எங்க செஞ்சானோ அதுதான் சார் வண்டிக்கு ஊரு. மூஞ்சியில எந்தத் தேசத்துப் பேரை மாட்டினாலும் அது வெறும் பேட்ஜ்.

இதை என் பொண்ணு சுகன்யாவுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஞாயித்துக்கிழமை வேலை வந்தா கூட வருவா. நான் பானட்டுக்குள்ள குனிஞ்சிருப்பேன், அவ டார்ச் பிடிச்சுட்டு நிப்பா. அவ வயசுப் பிள்ளைங்க ரைம்ஸ் பாடும், இவ பதினேழு எழுத்தையும் மூச்சு விடாம படிச்சுட்டு, "அப்பா, இது புனே" அப்படிம்பா. சரியா இருக்கும்.

அவளுக்குத்தான் நாளைக்குக் கல்யாணம். திருநெல்வேலில.

என்ன அப்படிப் பாக்குறீங்க. பொண்ணுக்குக் கல்யாணம், அப்பன் தனியா பஸ்ல போறானேன்னா? போறேன்னு யார் சொன்னா? உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். இறங்கி மண்டபத்துக்குப் போறதா, இல்ல அடுத்த பஸ்ல அப்படியே மதுரைக்குத் திரும்புறதான்னு இன்னும் முடிவு பண்ணல. இன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு நிச்சயதாம்பூலம். ரெண்டு பக்கத்து அப்பனும் எதிரெதிர உக்காந்து தட்டு மாத்தணும். நான் இல்லைன்னா என் மச்சினன் உக்காருவான். உக்காரட்டும். எந்த விசேஷத்துலயும் முன்வரிசையில உக்காரத்தான் அவன் பொறந்திருக்கான். அவன் வண்டியும் எம்தான், அவனுக்குத் தெரியாது.

நீங்க கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். கோவில்பட்டிக்கே இன்னும் நேரம் கிடக்கு.

பையன் பேரு முகிலன். தரமணியில சுகன்யாவோட ஒரே ஆபீஸ். ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்குன்னு தை மாசம் வந்து சொன்னா. சரின்னேன். பையன்கிட்ட ஒரு குறையும் இல்ல, பேச்சும் இல்ல, மருமகனுக்கு அது போதும். அப்பா நெல்லையப்பன், திருநெல்வேலி டவுன்ல கீழ ரத வீதியில பாத்திரக்கடை. அம்மா கோமதி. மாசி பொறந்ததும் பொண்ணு பாக்க மெட்ராஸ் வந்தாங்க. அங்க பாடிங்கிற ஏரியாவுல எங்க வீடு. எங்க தெருவுல ஒரு தண்ணி லாரி வந்தாலே ரெண்டு பைக்கை நகத்தணும். அந்தச் சந்துல கொண்டு வந்து நிறுத்துறார் சார், கறுப்பா, பெருசா, ஒரு வண்டி. கண்ணாடியில நெல்லையப்பர் துணை. முன்னாடி வேப்பிலை, மிளகாய், எலுமிச்சை. பானட் மேல சந்தனம் குங்குமம். இறங்கினவர் என்னைக் கும்பிடுறதுக்கு முன்னாடி வண்டியத் தட்டிக் கொடுக்கிறார்.

"ஜெர்மன் வண்டி அண்ணாச்சி. டவுன்ல இருந்து ஒரே மூச்சு, இடுப்பு வலிக்கணுமே. ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்."

சரின்னு விட்டேன். உள்ள வந்து உக்காந்தார். தண்ணி குடிச்சுட்டு, ஜெர்மன். கேசரி வந்துச்சு, கேசரியைக் கையில வச்சுட்டு, ஜெர்மன். அந்த வண்டிக் கதவு மூடுற சத்தத்தைச் சொல்றார், ஏதோ கோயில் மணியைப் பத்திச் சொல்ற மாதிரி. கொச்சியில எவன்கிட்டயோ ரெண்டாம் கையா வாங்கினது அது. அதைச் சொல்லல, நானே கேட்டு வாங்கினேன். என் வீட்டுல, என் நாற்காலியில உக்காந்துட்டு ஒருத்தர் என்கிட்டயே வண்டியப் பத்தி அளக்கிறார். என்ன வேலை பாத்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், அவரும் வாயை மூடியிருப்பார்.

நான் எழுந்தேன். "வண்டி சரியா நிக்குதான்னு பாத்துட்டு வர்றேன்"னு சொல்லிட்டு வெளிய வந்தேன். டிரைவர் பையன் கதவைத் திறந்து போட்டுட்டு டீ குடிச்சுட்டு இருந்தான். "தம்பி, பானட்டைத் திற"ன்னேன். என் குரல்ல திறந்துட்டான். நம்பரைத் துடைச்சேன், பென்சிலைத் தேய்ச்சேன், டேப்பை ஒட்டி உரிச்சேன். உள்ள பொண்ணு காபித் தட்டோட வந்து நிக்குற நேரம். நல்ல நேரம் பாத்து வச்சிருந்தாங்க, நானும் அதே நேரத்துக்குள்ள முடிச்சேன்.

உள்ள போனேன். ஜோசியர் கொடுத்த ஜாதகக் காகிதம் ஒண்ணு கிடந்துது, அதோட பின்பக்கத்துல டேப்பை ஒட்டினேன். வெத்தலைத் தட்டுல வச்சு அவர் முன்னாடி நீட்டினேன். "முதல் எழுத்தைப் படிங்க சம்பந்தி"ன்னேன்.

அவர் கண்ணாடியை ஏத்திப் பாத்துட்டு, "எம்"ன்னார்.

"எம்னா இந்தியா. டபிள்யூ இல்ல. பதினொண்ணாவது எழுத்தைப் பாத்தா எந்த ஆலைன்னே சொல்லிடலாம். இது புனே பக்கத்துல செஞ்சது. உங்க ஜெர்மன்காரன் வடாபாவ் சாப்பிட்டு வளந்தவன்."

கோமதியம்மா மெதுவா, "ஐயய்யோ, இவ்வோ டவுன் முழுக்க ஜெர்மன்னு சொல்லிட்டாவளே" அப்படின்னாங்க. முகிலன் தரையப் பாக்குறான். என் வீட்டுக்காரி மரகதம் என்னைப் பாத்த பார்வையில காபி திரிஞ்சு போயிருக்கும். எனக்கென்ன சார். உண்மையைத்தானே சொன்னேன். பொய் சொல்றவன் வெக்கப்படணும், கண்டுபிடிச்சவன் ஏன் வெக்கப்படணும்?

நெல்லையப்பன் அந்த டேப்பை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார். அப்புறம் சிரிச்சார். எனக்கு அந்தச் சிரிப்புதான் பிடிக்கல. ஒருத்தனை மட்டம் தட்டினா அவன் மட்டம் தட்டப்பட்ட மாதிரி இருக்கணும் சார், அதுதான் மரியாதை. இவர் சிரிச்சுட்டு, "நல்ல வேளையாப் போச்சு, இத்தனை நாளா வண்டிகிட்ட என்ன பாஷை பேசுறதுன்னு முழிச்சேன்"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிப்பு அடங்கினதும் கேட்டார்.

"அண்ணாச்சிக்கும் நம்ம ஊருன்னு முகிலன் சொன்னான். எங்கன? டவுனா, ஜங்ஷனா, பாளையங்கோட்டையா?"

நான் சட்டுனு, "டவுன்தான். ஜங்ஷனை ஒட்டி"ன்னேன்.

நீங்க சிரிக்கிறீங்க. பாளையங்கோட்டைக்காரர் இல்லையா, சிரிப்பீங்க. டவுன் வேற ஜங்ஷன் வேற, நடுவுல பெரிய பாலம் இருக்காம். எனக்கு எப்படித் தெரியும்? எங்க அப்பா ஒருநாளும் பாலத்தைப் பத்திச் சொன்னதில்ல. அவர் சொன்னதெல்லாம் ஆறு, தேரு, கோயில், இருட்டுல விக்குற அல்வா.

நெல்லையப்பன் விடல. "ஜங்ஷனை ஒட்டி டவுன் எப்பம் அண்ணாச்சி வந்துச்சு?" அப்படின்னார். அதுக்குள்ள மரகதம் வாயைத் திறந்துட்டா. ஊர்ல எத்தனையோ பொண்டாட்டிங்க புருஷன் பேசுறப்போ அடுப்பைப் பாக்கப் போவாங்க, என்னுது அப்படி இல்ல. "இவர் பொறந்தது வளந்தது எல்லாம் ஜாம்ஷெட்பூர்ல. மாமா அங்க லாரி செய்யுற இடத்துல வேலை பாத்தாங்க. தமிழ் எழுதவே கல்யாணத்துக்கு அப்புறம்தான் சரியாக் கத்துக்கிட்டார்."

கேட்டாங்களா? அவகிட்ட கேட்டாங்களா சார்?

நெல்லையப்பன் தொடையத் தட்டிட்டுச் சொன்னார்: "அப்பம் உங்களுக்குப் பதினொண்ணாவது எழுத்து ஜாம்ஷெட்பூர். நம்ம வண்டி புனே, நம்ம சம்பந்தி ஜாம்ஷெட்பூர். ரெண்டுக்கும் மேல மட்டும் நெல்லையப்பர் துணை."

மறுபடி சிரிப்பு. அவங்க சிரிச்சா எனக்கு ஒண்ணுமில்ல. பாத்திரக்கடைக்காரனுக்கு என்ன தெரியும். ஆனா என் பொண்ணு சிரிச்சா சார். காபித் தட்டைப் பிடிச்சுட்டு, தோள் குலுங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அவளுக்கு நான் டார்ச் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவ அந்தப் பக்கம் நின்னு என்னைப் பாத்துச் சிரிச்சா. எனக்கு அது இன்னும் வலிக்குது.

இல்ல சார், வண்டி வேற மனுஷன் வேற. நான் என்ன வண்டியா? நீங்களே யோசிங்க. எங்க அப்பா கல்யாணமான கையோட வடக்க போனவர், அங்கயே இருந்தார், அங்கயே செத்தார். ஆனா எங்க வீட்டுல ஊருன்னா திருநெல்வேலி. "ஊர்ல இப்போ சாரல் அடிக்கும்" அப்படிம்பார், வெளிய கரிப்புகை மண்டிக் கிடக்கும். இந்திக்காரப் பசங்க என்னை மதராஸின்னு கூப்பிடுவாங்க. "நீ திருநெல்வேலிக்காரன்டா"ன்னு அப்பா சொல்லுவார். மெட்ராஸ் வந்தேன், இங்க என் பேச்சைக் கேட்டுட்டு இந்திக்காரனான்னு கேட்டாங்க. நானும் அப்பா சொன்னதையே சொன்னேன். ஊரை நான் பாத்தது சின்ன வயசுல ஒரு தடவை, அப்பா அஸ்தியை ஆத்துல கரைக்க ஒரு தடவை. அதனால என்ன, ஊர் இல்லைன்னு ஆயிடுமா? இதுல மரகதத்துக்கு என்ன தெரியும்? அவ மாயவரம், மாயவரத்துலயே பொறந்தவ. எவனும் அவகிட்ட எதையும் கேட்டதில்ல.

இதோட முடிஞ்சிருந்தா நானும் விட்டிருப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருமா உக்காந்து கம்ப்யூட்டர்ல எழுதி அச்சடிச்சுட்டு வந்தாங்க. நான் பிரிச்சுப் பாக்குறேன். "திருநெல்வேலி டவுன் நெல்லையப்பன் – கோமதி தம்பதியரின் மகன்". சரி. எதிர்ப்பக்கம், "ஜாம்ஷெட்பூர் தா. குற்றாலிங்கம் – மரகதம் தம்பதியரின் மகள்".

மஞ்சள் தடவின பத்திரிகையில சார். ஊர் பூரா கொடுக்குற பத்திரிகையில. முப்பது வருஷத்துக்கு மேல மெட்ராஸ்ல இருக்கேன், சென்னைன்னு போட்டிருக்கலாம். மனசிருந்தா திருநெல்வேலின்னு போட்டிருக்கலாம்.

"யார் போட்டது இது?"ன்னு கேட்டேன்.

"நான்தாம்ப்பா"ன்னா சுகன்யா.

"உன் மாமனார் சொல்லிக் கொடுத்தாரா?"

"இல்லப்பா. நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். எங்க செஞ்சாங்களோ அதுதான் ஊருன்னு. தாத்தா அங்கதானே வேலை செஞ்சாங்க, நீங்க அங்கதானே பொறந்தீங்க. எனக்கு அந்த ஊரைப் பாக்கணும்ப்பா. ஒரு நாளும் கூட்டிட்டுப் போகலையே நீங்க."

எவ்வளவு கிண்டல் பாருங்க. முகத்துல ஒரு சிரிப்பு கூட இல்லாம கிண்டல் பண்றா. புகுந்த வீட்டுப் பாடத்தை அதுக்குள்ள படிச்சுட்டா. நான் பத்திரிகையை மேஜை மேல வச்சுட்டு, "ஜாம்ஷெட்பூர் குற்றாலிங்கம்னு எனக்கு யாரையும் தெரியாது. அவர் கிடைச்சா கூட்டிட்டுப் போய்த் தட்டு மாத்திக்கோ. நான் வரல"ன்னு சொல்லிட்டேன். அவ அழுதா. மரகதம் திட்டினா. அழைப்பு, துணிமணி எல்லாம் மச்சினன் தலையில. அம்மாவும் பொண்ணும் முன்னாடியே கிளம்பிப் போயிட்டாங்க, நான் வீட்டைப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருந்தேன்.

அப்போ இன்னைக்கு ஏன் கிளம்பினேன்னு கேக்குறீங்க. பீரோவைத் திறந்தேன், அவ எடுத்து வச்ச பட்டு வேட்டி இருந்துது. மடிச்சு, மேல ஒரு சின்ன டார்ச் வச்சிருந்தா. பழசு, அவ பிடிச்சுட்டு நிப்பாளே, அதே டார்ச். பேட்டரி போட்டு வச்சிருக்கா. அதெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணாது. கரண்ட் போனா ஆகும்னு எடுத்துப் பையில போட்டேன், பையை எடுத்துட்டா எங்கயாவது போகணுமே. மதுரை வரைக்கும்தான் ரயில்ல இடம் கிடைச்சுது.

இருங்க, போன். மரகதம்.

சொல்லு. வீட்லதான் இருக்கேன். வேற எங்க இருப்பேன். சாப்பிட்டேன், தயிர்சாதம். என்ன சத்தம்? டிவி. டிவில...

வச்சுட்டா. இந்தக் கண்டக்டருக்கு நேரம் காலமே கிடையாதா சார்? நான் வீட்ல இருக்கேன்னு சொல்றப்போதான் "கோவில்பட்டி எறங்கு, கோவில்பட்டி எறங்கு"ன்னு காதுகிட்ட வந்து கத்தணுமா? சிரிச்சுட்டே வச்சா சார். கூட இன்னும் யாரோ சிரிச்சாங்க. எந்த வண்டி எங்க வருதுன்னு சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டா. என்கிட்ட இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுல இதையாவது கத்துக்கிட்டாளே.

வரட்டும். தெரிஞ்சா தெரியட்டும். நான் இறங்கவே போறதில்ல.

கயத்தாறு தாண்டிடுச்சா? காத்து மாறின மாதிரி இருக்கு. இல்லையா? உங்களுக்குத் தினமும் வர்ற வழி, தெரியாது.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சும்மா தெரிஞ்சுக்கத்தான். இந்த பஸ் நேரா டவுனுக்குள்ள போகும்ல? போகாதா? புது பஸ் ஸ்டாண்டா? அது எங்க இருக்கு? உங்க பாளையங்கோட்டைப் பக்கமா. அப்போ டவுனுக்குப் போறவன் என்ன பண்ணுவான்? வண்ணாரப்பேட்டைல இறங்கி வேற பஸ். இதை எவன் சார் இப்படிப் போட்டு வச்சான், ஒரு ஊரை மூணு ஊரா. எங்க அப்பா காலத்துல இப்படி இருந்திருக்காது. இருந்துதா? சரி, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

இதுதான் வண்ணாரப்பேட்டையா? இங்க ஏன் இவ்வளவு நேரம் நிக்குறான்?

அதோ பாருங்க, மேம்பாலத்துக்குப் பக்கத்துல. கறுப்பா, பெருசா. அதான் சார், அந்த வண்டியேதான். பின்கண்ணாடியைப் பாருங்க, எனக்கு எழுத்து சரியாத் தெரியல. நெல்லையப்பர் துணை, அது தெரியும். அதுக்குக் கீழ புதுசா ஏதோ ஒட்டியிருக்காரே. என்னது? "பிறந்த ஊர் புனே"ன்னா? கண்ணாடியிலயேவா? டவுன் முழுக்க இதைப் போட்டுட்டுத்தான் சுத்துறாரா? இந்த ஆளுக்கு வெக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாதா சார்?

பக்கத்துல நிக்குறது சுகன்யா. மருதாணிக் கையை ரெண்டையும் விரிச்சு வச்சுட்டு வெயில்ல நிக்குறா. இன்னும் கொஞ்ச நேரத்துல நிச்சயதாம்பூலம், கல்யாணப் பொண்ணு ரோட்ல நிக்கலாமா? யாருக்காவது அறிவு இருக்கா? மூஞ்சியெல்லாம் கறுத்துப் போயிருக்கு. சாப்பிட்டாளோ என்னவோ.

முன்படியில ஏறுறார் பாருங்க, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு. அவர்தான் நெல்லையப்பன். வேர்த்து ஊத்துது. மதுரையில இருந்து வந்த ஒவ்வொரு பஸ்லயும் இப்படி ஏறி இறங்கியிருக்கார் போல. என்ன கத்துறார் கேட்டீங்களா? ஜாம்ஷெட்பூர் அண்ணாச்சியாம். பஸ் பூரா கேக்க, "ஜாம்ஷெட்பூர் அண்ணாச்சி இதுல வந்திருக்காவளா"ன்னு.

என்னது? இங்க அப்படித்தான் கூப்பிடுவாங்களா? பம்பாய் மாமா, மெட்ராஸ் சித்தின்னு. கிண்டல் இல்லையா?

எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. நீங்களும் ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க. நான்தான். அந்தப் பையை எடுங்க, கொஞ்சம் வழி விடுங்க, பஸ்ஸை எடுத்துடப் போறான்.

நான்தான்.